பழைய அக்குஸ்டிக் கிட்டார்: விற்பதற்கு முன் அறிகுறி பார்த்துக் கோளாறு நீக்கும் முறை

நாற்பது, ஐம்பது வருடப் பழைய கிட்டார் ஒன்று மேசைக்கு வந்தால் முதலில் அளக்க வேண்டும். கருவிகளை அப்புறம் எடுக்கலாம். பழைய கிட்டாரின் விலையில் பெரும்பங்கு அதன் அசல் பாகங்களுக்கும் அசல் பூச்சுக்கும்தான். பிரித்து மறுபடி ஒட்டக்கூடிய பழுது அந்த விலையைக் கெடுக்காது. சீவிய மரமும் உப்புத்தாள் பட்ட பூச்சும் புதிதாகப் போட்ட துளையும் திரும்பி வராது. கீழே வரும் எல்லா அறிகுறிகளுக்கும் இந்த ஒரு கணக்கை வைத்துக்கொண்டுதான் முடிவு எடுக்க வேண்டும்.

தேவையானவை: நேரான ஸ்டீல் ஸ்கேல், ஃபீலர் கேஜ் (சிறு இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்), வெர்னியர், ஒலித்துளைக்குள் போகும் சிறிய கண்ணாடி, சின்ன எல்இடி விளக்கு, புற ஊதாக் கை விளக்கு, டியூனர். கிட்டாரை 45 முதல் 50 சதவீத ஈரப்பதம் உள்ள அறையில் நாலைந்து நாள் வைத்துவிட்டு, சரியான சுருதிக்கு ஏற்றிய பிறகே அளக்கவும். காய்ந்த கிட்டாரில் மேல்பலகை உள்வாங்கிக் கம்பிகள் தாழ்ந்து தெரியும். ஈரம் ஏறியதில் பலகை உப்பிக் கம்பிகள் உயர்ந்து தெரியும். இரண்டு அளவும் பொய்.

ஏற்றும் கம்பியிலும் கவனம் வேண்டும். 12–54 லைட் செட் ஒன்று முழுச் சுருதியில் ஏறத்தாழ 73 கிலோ இழுவிசை தரும். 1920களின் இலேசான கிட்டார்களுக்கும், பலகையை உள்ளிருந்து தாங்கும் குச்சிகளான பிரேஸ்கள் ஏணிப்படி போல் குறுக்கே மட்டும் போடப்பட்ட மலிவு ரகங்களுக்கும் இது அதிகம். அவற்றில் 10–47 செட் போட்டுச் சோதிப்பது பத்திரம்.

கம்பிகள் உயரமாக நிற்கின்றன, ஐந்தாம் ஃப்ரெட்டுக்கு மேல் அழுத்தவே முடியவில்லை

பழைய கிட்டாரில் அதிகம் வரும் புகார் இதுதான். விலையை அதிகம் பாதிப்பதும் இதுதான். 12ஆம் ஃப்ரெட்டின் (நெக்கில், அதாவது கழுத்தில், குறுக்கே பதித்த உலோகக் கட்டை) உச்சியிலிருந்து கம்பியின் அடிவரை ஆறாம் கம்பியில் 2.4 மி.மீ., முதல் கம்பியில் 1.6 மி.மீ. இருந்தால் வாசிக்க வசதி. ஆறாம் கம்பியில் 3.5 மி.மீ.யைத் தாண்டினால் காரணம் தேட வேண்டும். காரணம் மூன்றில் ஒன்றாகவோ மூன்றும் சேர்ந்தோ இருக்கும். இந்த வரிசையிலேயே பாருங்கள்.

முதலாவது, நெக்கின் வளைவு. ஆறாம் கம்பியை முதல் ஃப்ரெட்டிலும் நெக் உடலோடு சேரும் ஃப்ரெட்டிலும் ஒரே நேரத்தில் அழுத்திப் பிடித்து, ஏழாம் ஃப்ரெட்டில் உள்ள இடைவெளியை ஃபீலர் கேஜால் அளக்கவும். 0.1 முதல் 0.25 மி.மீ. சரி. அதற்கு மேல் என்றால் ட்ரஸ் ராடின் (நெக்குக்குள் ஓடி அதை நேராக்கும் உலோகக் கோல்) நட்டைக் கால் சுற்று இறுக்கி, அரை மணி நேரம் விட்டு மறுபடி அளக்கவும். நட் நகர மறுத்தால் பலம் போடாதீர்கள். பழைய ராட் முறிந்தால் ஃப்ரெட்போர்டையே பிரிக்க வேண்டி வரும். அமெரிக்க நிறுவனமான மார்ட்டினின் கிட்டார்களில் முறுக்கக்கூடிய ராட் 1985இல்தான் வந்தது. அதற்கு முந்தையவற்றில் வளைவு கூடியிருந்தால், ஃப்ரெட்டுகளைக் கழற்றித் தடித்த அடிப்பகுதி கொண்டவற்றை அடித்து நெக்கைப் பின்னோக்கித் தள்ளுவதுதான் வழக்கமான வழி. அது பழகிய கை செய்யும் வேலை.

இரண்டாவது, மேல்பலகையின் உப்பல். பிரிட்ஜுக்கு (கம்பிகளின் அடிமுனையை மேல்பலகையில் பிடிக்கும் மரத்துண்டு) பின்னால் ஸ்கேலைக் குறுக்கே வைத்தால் கொஞ்சம் மேடு தெரியும். அது இயல்பு, கம்பி இழுக்கும் பலகை அப்படித்தான் இருக்கும். பிரிட்ஜின் பின்புறம் தூக்கி, முன்புறம் ஒலித்துளைப் பக்கம் பள்ளமாகி, பிரிட்ஜே முன்னால் சாய்ந்திருந்தால் உள்ளே ஏதாவது பிரேஸ் விட்டிருக்கலாம். அதை ஒட்டி முடித்து மறுபடி அளக்கும்வரை நெக்கைப் பற்றி முடிவு செய்ய வேண்டாம்.

மூன்றாவது, நெக்கின் கோணம். ஸ்கேலை நடு ஃப்ரெட்டுகளின் மேல் படுக்க வைத்து பிரிட்ஜ் வரை நீட்டவும். முனை பிரிட்ஜின் மேற்பரப்பைத் தொட்டும் தொடாமலும் போனால் கோணம் நன்றாக இருக்கிறது. பிரிட்ஜின் முன்முகத்தில் 1.5 மி.மீ. கீழே இடித்தால் ரீசெட் (நெக்கைக் கழற்றிக் கோணம் திருத்தி மறுபடி ஒட்டுவது) நெருங்கிவிட்டது. 2 மி.மீ.யோ அதற்கும் கீழோ இடித்தால் நெக் ரீசெட் தவிர வேறு வழியில்லை.

இங்கே ஏமாற இடம் உண்டு. ரீசெட் செலவைத் தவிர்க்க முந்தைய கை பிரிட்ஜையே சீவியிருந்தால் ஸ்கேல் சோதனை நல்ல விடை காட்டும். ஆகவே பிரிட்ஜின் கனத்தையும் அளந்துவிடுங்கள். பெரும்பாலான ஸ்டீல் கம்பி கிட்டார்களில் அசல் பிரிட்ஜின் நடுக்கனம் 8 முதல் 9 மி.மீ. வரை இருக்கும். 6 மி.மீ. என்றால் சீவியிருக்கிறார்கள். கம்பியைப் பிடிக்கும் முளைகளின் துளைகளைச் சுற்றிய சரிவு காணாமல் போயிருப்பதும், சேடில் (பிரிட்ஜின் மேல் கம்பிகள் ஏறி நிற்கும் துண்டு) உட்காரும் பள்ளம் ஆழம் குறைந்திருப்பதும் அதே சாட்சி. கோணமும் பிரிட்ஜும் சரியான கிட்டாரில் கம்பிகள் பிரிட்ஜ் அருகே மேல்பலகையிலிருந்து 12–13 மி.மீ. உயரத்தில் ஓடும், சேடில் பிரிட்ஜுக்கு மேல் சுமார் 3 மி.மீ. தெரியும். சேடில் ஒரு மி.மீ.கூடத் தெரியாத கிட்டாரை, "ஆக்‌ஷன் குறைவு" (கம்பி உயரம் குறைவு) என்ற ஒரே காரணத்துக்காக நல்ல கிட்டார் என்று வாங்கிவிடாதீர்கள்.

ரீசெட் எப்படி நடக்கிறது என்பது விற்பவருக்கும் தெரிந்திருக்க வேண்டும், ஏனென்றால் செலவு அதில்தான் இருக்கிறது. மேல்பலகைமேல் ஒட்டியிருக்கும் ஃப்ரெட்போர்டு நாக்கைச் சூடு காட்டி மெல்லிய தகட்டுக் கத்தியால் விடுவிப்பார்கள். 14ஆம் ஃப்ரெட்டில் உடலோடு சேரும் நெக்கானால் 15ஆம் ஃப்ரெட்டைச் சால்டரிங் அயர்னால் சூடாக்கிக் கழற்றி, அந்தப் பள்ளத்தில் 2 மி.மீ. அளவில் துளை போட்டு, புறா வால் வடிவில் கோத்த டவ்டெயில் மூட்டின் முனையில் இருக்கும் சிறிய வெற்றிடத்துக்குள் ஊசி வழியாக நீராவி செலுத்துவார்கள். பசை இளகியதும் நெக் மேலே எழும்பும். நீராவி நைட்ரோ லாக்கரில் (பழைய கிட்டார்களின் நைட்ரோசெல்லுலோஸ் பூச்சு) பட்டால் பூச்சு வெளுக்கும். அதனால் மூட்டைச் சுற்றி வழியும் நீரை அவ்வப்போது துடைத்தபடியே இருக்க வேண்டும்.

எவ்வளவு மரம் எடுப்பது என்பதற்குக் கணக்கு உண்டு. சேடில் இடத்தில் எவ்வளவு உயரம் வேண்டுமோ அதை ஹீலின் (நெக் உடலோடு சேரும் அடிக்கட்டை) நீளத்தால் பெருக்கி, நெக் மூட்டிலிருந்து சேடில் வரையுள்ள தூரத்தால் வகுக்கவும். 25.4 அங்குல ஸ்கேல் நீளத்தில் (அதிரும் கம்பியின் நீளம்) 14ஆம் ஃப்ரெட்டிலிருந்து சேடில் ஏறத்தாழ 287 மி.மீ. 12ஆம் ஃப்ரெட்டில் கம்பியை 1.5 மி.மீ. இறக்க, சேடில் இடத்தில் அதைப் போல் இரு மடங்கு, அதாவது 3 மி.மீ. வேண்டும். ஹீல் 90 மி.மீ. என்றால் 3 × 90 ÷ 287, ஏறத்தாழ 0.94 மி.மீ. இது ஹீலின் அடி நுனியில் எடுக்கும் அளவு. மேலே ஃப்ரெட்போர்டை நெருங்க நெருங்க அது பூஜ்யமாகக் குறைய வேண்டும். மேலேயும் எடுத்துவிட்டால் நெக் முழுவதும் பிரிட்ஜ் பக்கம் நகர்ந்து ஸ்கேல் நீளம் குறையும், சுருதியும் போகும். கோணம் மாறிய பிறகு ஃப்ரெட்போர்டு நாக்குக்குக் கீழே ஆப்பு வடிவ மெல்லிய துண்டு தேவைப்படலாம். இது இல்லாமல் நாக்கை அழுத்தி ஒட்டினால் 14ஆம் ஃப்ரெட்டில் ஒரு முறிவு விழும்.

மூட்டை எப்பாக்சியால் ஒட்டியிருக்கிறார்கள் என்று தெரிந்தால் நிறுத்திவிடுங்கள். அது நீராவிக்குப் பணியாது. அடுத்த ரீசெட்டையும் அது கெடுத்துவிட்டது. அந்தக் கிட்டாரை அந்த உண்மையோடு விற்பதே சரி.

ஜிர்ரென்று இரைகிறது

எந்த நேரத்தில் இரைகிறது என்பதே விடை. திறந்த கம்பியில் மட்டும் வந்து ஃப்ரெட் அழுத்தியதும் மறைந்தால் நட்டின் (நெக்கின் மேல்முனையில் கம்பிகள் உட்காரும் கட்டை) பள்ளம் ஆழமாகிவிட்டது. பள்ளத்தை எலும்புத் தூளும் சூப்பர் குளுவும் வைத்து நிரப்பி அரத்தால் மறுபடி வெட்டலாம், அசல் நட்டைத் தூக்கி எறிய வேண்டாம்.

ஒரு குறிப்பிட்ட ஃப்ரெட்டில் மட்டும் இரைந்தால் மூன்று ஃப்ரெட்டுகளை மட்டும் தொடும் குட்டி நேர்கோலை வைத்து ஆட்டிப் பாருங்கள். ஆடினால் நடு ஃப்ரெட் உயரம். அது பள்ளத்திலிருந்து எழும்பியிருந்தால் அழுத்தி ஒட்டினாலே போதும். தேய்வு என்றால் ஃப்ரெட் உயரத்தை அளக்கவும். புதிய நடுத்தர ஃப்ரெட் சுமார் 1 மி.மீ. 0.7 மி.மீ.க்கு மேல் மிச்சமிருந்தால் சமன் செய்யலாம், அதற்குக் கீழே போனால் மாற்ற வேண்டும். 1934க்கு முந்தைய மார்ட்டின்களில் இப்போதைய டி வடிவ ஃப்ரெட்டுக்குப் பதில் பட்டையான பார் ஃப்ரெட் இருக்கும். அவற்றை டி ஃப்ரெட்டாக மாற்றினால் பள்ளத்தின் அகலம் ஒத்துப்போகாது. நெக்கின் விறைப்பும் குறையும், ஏனென்றால் ராட் இல்லாத அந்த நெக்கைப் பிடித்து வைத்திருப்பதில் பார் ஃப்ரெட்டுக்கும் பங்கு உண்டு.

கம்பி எதுவானாலும் ஒரே சில சுரங்களில் உடலுக்குள்ளிருந்து அதிர்ந்தால் அது பிரேஸ். கம்பிகளைக் கையால் அடக்கிக்கொண்டு விரல் முட்டியால் மேல்பலகை, பின்பலகை முழுவதும் தட்டிக்கொண்டே வாருங்கள். ஒட்டிய இடத்தில் 'தொம்' என்று கேட்கும், விட்ட இடத்தில் 'தட்' என்று இரட்டைச் சத்தம் வரும். கண்ணாடியும் விளக்கும் வைத்து அந்த இடத்தைக் கண்டுபிடித்து, விசிட்டிங் கார்டு அளவு மெல்லிய அட்டையைப் பிரேஸுக்கு அடியில் நுழைத்து, எதுவரை போகிறது என்று வெளியே டேப்பில் குறிக்கவும். பசையை அந்த அட்டையிலேயே தடவி உள்ளே தள்ளி, பலகையை மேலும் கீழும் மெதுவாக அமுக்கினால் பசை உறிஞ்சப்படும். பிறகு உள்ளிருந்து தாங்கும் குட்டி ஜாக் வைத்து, ஒரு நாள் விடவும். ஜாக் பிரேஸைத் தொட்டு நிற்கும் அளவுக்கு மட்டும் இறுக்கினால் போதும். அதிகம் திருகினால் மேல்பலகையில் நிரந்தர மேடு விழும்.

பிரிட்ஜுக்குப் பின்னால் இடைவெளி தெரிகிறது

ஒரு தாள் துண்டைப் பின் விளிம்பில் நுழைத்துப் பாருங்கள். 1 மி.மீ. போய் நின்றால் அது பெரும்பாலும் பூச்சின் ஓரம், கவலை வேண்டாம். 3 மி.மீ.க்கு மேல் போனால் பிரிட்ஜைக் கழற்றி ஒட்ட வேண்டும். இடைவெளிக்குள் பசையைப் பிதுக்கித் தள்ளி கிளாம்ப் போடுவது அதிகம் செய்யப்படும் தவறு. உள்ளே பழைய பசையும் தூசும் இருக்க, புதுப் பசை எதையும் பிடிக்காது. கொஞ்ச நாளில் பிரிட்ஜ் மேல்பலகையின் நார்களையும் பிய்த்துக்கொண்டு வரும்.

கழற்றும் முன் என்ன பிடித்திருக்கிறது என்று உள்ளே பாருங்கள். இன்னொரு அமெரிக்க நிறுவனமான கிப்சனின் கிட்டார்களில் பிரிட்ஜின் முத்துச்சிப்பிப் புள்ளிகளுக்கு அடியில் போல்ட் இருப்பதுண்டு. 1960களின் கிப்சன்கள் சிலவற்றில் பிரிட்ஜே பிளாஸ்டிக், உள்ளிருந்து திருகுகளால் பிடித்தது. அதில் சூடு காட்டினால் வளைந்துவிடும். 1960களின் நடுப்பகுதி வரையிலான மார்ட்டின்களில் சேடில், பிரிட்ஜின் இருபுறமும் திறந்த பள்ளத்தில் ஒட்டப்பட்டிருக்கும். அதைக் குறடால் பிடுங்கினால் பிரிட்ஜ் பிளக்கும்.

சூடு விளக்கு வைக்கும்போது பிரிட்ஜைத் தவிர மேல்பலகை முழுவதையும் அலுமினியத் தாள் ஒட்டிய அட்டையால் மறைக்கவும். பழைய பிக்கார்டு (மேல்பலகையை உரசலிலிருந்து காக்கும் தகடு) செல்லுலாய்டு என்ற பிளாஸ்டிக் என்றால் அது தீப்பற்றும் பொருள் என்பதை மறக்கக் கூடாது. கத்தியை எப்போதும் மர ரேகையின் போக்கில் நகர்த்தவும். எதிர்த்து நகர்ந்தால் மேல்பலகையின் ஸ்ப்ரூஸ் மரத்தில் சிலாம்பு கிளம்பும். கிளம்பிய சிலாம்பை வீசாமல் அதே இடத்தில் ஒட்டிவிடுங்கள்.

ஒட்டுவதற்கு, விலங்குத் தோலிலிருந்து எடுக்கும் வஜ்ஜிரப் பசையே சிறந்தது. உலர்ந்த குருணையை எடையில் ஏறக்குறைய இரு மடங்கு தண்ணீரில் ஊறவைத்து, 60–63 டிகிரி செல்சியஸில் வைக்கவும். அதற்கு மேல் சூடானால் பசையின் வலு குறையும். தடவிய பிறகு ஒரு நிமிடத்துக்குள் கிளாம்ப் விழ வேண்டும். ஆகவே பிரிட்ஜைச் சூடாக்கி வைத்து, கிளாம்புகளைப் பசையில்லாமல் ஒருமுறை போட்டுப் பழகிக்கொள்ளுங்கள். 24 மணி நேரம் கழித்தே கம்பி. அடுத்து யாராவது பிரிக்க நேர்ந்தாலும் வெப்பமும் ஈரமும் போதும். வாங்குபவர்கள் இதை மதிக்கிறார்கள்.

அதே சமயம் உள்ளே பிரிட்ஜ் பிளேட்டை (பிரிட்ஜுக்கு நேர் அடியில் ஒட்டிய பலகை) பாருங்கள். கம்பியின் உருண்டை முனைகள் துளைகளைத் தின்று, மேலே ஏறியிருந்தால், கம்பியின் சுற்று தடித்த பகுதி சேடில் மேலேயே வந்து நிற்கும். பழைய சிறிய மேப்பிள் பிளேட்டை மாற்றாதீர்கள். துளைகளை மேப்பிள் துண்டால் நிரப்பி மறுபடி துளைப்பது போதும், அசலும் நிற்கும்.

விரிசல்

விரிசலின் இருபுறமும் கட்டைவிரல்களை வைத்து மாறி மாறி மெல்ல அமுக்கிப் பாருங்கள். ஓரங்கள் ஒன்றுக்கொன்று ஏறி இறங்கினால் அது முழுக் கனத்திலும் பிளந்தது. பிறகு அறையை இருட்டாக்கி உள்ளே விளக்கை வைத்தால் ஒளிக்கோடு விரிசலின் உண்மை நீளத்தைக் காட்டும். கண்ணுக்கு 8 செ.மீ. என்று தெரிவது பெரும்பாலும் பிரேஸ் வரை போயிருக்கும். நைட்ரோ பூச்சில் குறுக்கும் நெடுக்குமாக ஓடும் மெல்லிய கோடுகள் வேறு. அவை பூச்சின் வயது, மரத்தைத் தொடவில்லை. அவற்றை மறைக்க வேண்டியதில்லை.

பிக்கார்டின் ஓரமாக பிரிட்ஜிலிருந்து ஒலித்துளைக்குப் போகும் விரிசல் பழைய மார்ட்டின்களில் அடிக்கடி வரும். 1980கள் வரை பிக்கார்டைப் பூச்சில்லாத வெறும் மரத்தில் நேராக ஒட்டினார்கள். பிளாஸ்டிக் சுருங்கும்போது மரத்தையும் சேர்த்து இழுத்துப் பிளந்தது. முதலில் பிக்கார்டை விடுவித்தால்தான் விரிசல் மூடும்.

காய்ந்து திறந்த விரிசலைக் கிளாம்பால் இறுக்கி மூடாதீர்கள். ஒரு வாரம், இரண்டு வாரம் 50 சதவீத ஈரத்தில் வைத்தால் பாதிக்கு மேல் தானாக மூடும். மூடியதை வெந்நீரில் இளக்கிய வஜ்ஜிரப் பசையால் ஒட்டி, உள்ளே குறுக்கு ரேகையில் ஸ்ப்ரூஸ் ஒட்டுத்துண்டுகளை 3–4 செ.மீ. இடைவெளியில் வைக்கவும். ஒவ்வொன்றும் சுமார் 12 மி.மீ. சதுரம், 2 மி.மீ. கனம், நாலு ஓரமும் மழமழவென்று சரிந்திருக்க வேண்டும். நிமிர்ந்த ஓரம் அடுத்த விரிசலுக்கு வழி. மூடாமல் நின்ற பிளவுக்குப் பழைய ஸ்ப்ரூஸில் சீவிய இழை. மரத்தூள் கலந்த பசையோ வண்ண மெழுகோ வேண்டாம். சூப்பர் குளு லாக்கரில் ஒரு சொட்டு விழுந்தாலும் பூச்சு கரையும்.

நட்டுக்குப் பின்னால் ஹெட்ஸ்டாக்கின் (கம்பிகளை முறுக்கும் சாவிகள் இருக்கும் தலைப்பகுதி) கழுத்து முறிந்து ஒட்டியதா என்பதை விரலால் தடவியும் புற ஊதா ஒளியிலும் பாருங்கள். நன்றாக ஒட்டிய முறிவு பல காலம் தாங்கும், விலையோ ஏறக்குறைய பாதியாகும். மறைத்து விற்ற முறிவு பிறகு தெரியவந்தால் கிட்டார் திரும்பி வரும்.

மேல் ஃப்ரெட்டுகளில் சுருதி சேரவில்லை

புதுக் கம்பி போட்டு 12ஆம் ஃப்ரெட்டின் ஹார்மானிக்கையும் (கம்பியை அழுத்தாமல் தொட்டு எழுப்பும் சுரம்) அழுத்திய சுரத்தையும் டியூனரில் ஒப்பிடவும். எல்லாக் கம்பியும் ஒரே பக்கம் விலகினால் பிரிட்ஜ் தவறான இடத்தில் ஒட்டப்பட்டிருக்கலாம். நட்டிலிருந்து 12ஆம் ஃப்ரெட் வரை அளந்து இரட்டிப்பாக்கவும். சேடில், முதல் கம்பியில் அதைவிட 2 மி.மீ. அளவும், ஆறாம் கம்பியில் 4–5 மி.மீ. அளவும் தள்ளி இருக்க வேண்டும். இதற்கு பிரிட்ஜை நகர்த்தாமல், பள்ளத்தை ஒத்த மரத்தால் நிரப்பி மறுபடி வெட்டுவதே மேல்பலகைக்கு நல்லது.

டியூனர் (கம்பியை முறுக்கும் சாவி) வழுக்குகிறது

முதலில் நட் பள்ளத்தில் பென்சில் கரி தடவிப் பாருங்கள். டியூனரைக் குறை சொல்லும் புகார்களில் பாதி அங்கேயே தீரும். பற்சக்கரத்தின் திருகை இறுக்கி, ஒரு சொட்டு எண்ணெய் விடலாம். செல்லுலாய்டு குமிழ் நொறுங்கினால் குமிழை மட்டும் மாற்றலாம். புது மாடல் டியூனருக்காக ஹெட்ஸ்டாக்கில் புதுத் துளை போட்டால் அசல்தன்மை அங்கேயே போய்விடும். மாற்றியே ஆக வேண்டுமானால் பழைய துளைகளில் உட்காரும் வகையை எடுத்து, அசலை ஒரு பையில் போட்டுக் கிட்டாரோடு கொடுங்கள்.

பூச்சு மங்கல், அழுக்கு, ஒட்டும் தன்மை

ஈரத் துணி, பிறகு நாப்தா என்ற பெட்ரோலியக் கரைப்பான். பெரும்பாலான அழுக்குக்கு இது போதும். ஸ்பிரிட், அரக்குப் பூச்சான ஷெல்லாக்கைக் கரைக்கும், அதனால் அதைத் தொடாதீர்கள். சிலிக்கான் கலந்த பாலிஷ் விரிசலுக்குள் இறங்கிப் பின்னாளில் பசையைப் பிடிக்கவிடாது. முழுதும் சுரண்டிப் பூச்சு மாற்றிய கிட்டாருக்குக் கிடைப்பது அசல் பூச்சின் பாதி விலை என்பது வியாபாரத்தில் பொதுவாகப் போடும் கணக்கு. எவ்வளவு மங்கியிருந்தாலும் அசல் பூச்சை விட்டுவிடுங்கள்.

சொல்லும் வருடம் நம்பும்படி இல்லை

மார்ட்டினில் 1898 முதல், உடலுக்குள் நெக்கைத் தாங்கும் நெக் பிளாக்கில் வரிசை எண் உண்டு. மாடல் பெயர் 1930இன் இறுதியில் சேர்ந்தது. நிறுவனம் வெளியிட்ட பட்டியலோடு ஒப்பிட்டால் வருடம் தெரியும். கிப்சனில் எண்ணை மட்டும் நம்ப முடியாது. 1970 முதல் 1975 வரை ஒரே ஆறிலக்க எண்கள் மறுபடி மறுபடி வந்திருக்கின்றன. ஹெட்ஸ்டாக்கின் பின்புற முத்திரை, நட்டுக்குப் பின்னால் உள்ள மேடு, லோகோவின் எழுத்து, பிரேஸ் அமைப்பு என்று அத்தனையும் ஒத்துப்போக வேண்டும். ஹார்மனி என்ற நிறுவனத்தின் கிட்டார்களில் உள்ளே எஃப் அல்லது எஸ் என்ற எழுத்தோடு இரண்டிலக்க வருடம் மையில் குத்தியிருப்பார்கள்.

புற ஊதா ஒளியில் பழைய நைட்ரோ பச்சை கலந்த மஞ்சளாக ஒளிரும். பின்னால் தொட்ட இடம் கருமையாகவோ வேறு நிறத்திலோ தனித்துத் தெரியும். ஹீலைச் சுற்றி அப்படி ஒரு வளையம் தெரிந்தால் ஏற்கெனவே ரீசெட் ஆகியிருக்கிறது. சரியாகச் செய்த ரீசெட் விலையைக் குறைக்காது. வாசிக்கும் நிலையில் இருப்பதால் வாங்குபவருக்கு நிம்மதிதான்.

மரத்தையும் உறுதி செய்யுங்கள். மார்ட்டின் 1969இல் பிரேசில் ரோஸ்வுட்டை விட்டு இந்திய ரோஸ்வுட்டுக்கு மாறியது. பிரேசில் ரோஸ்வுட் 1992 முதல், அழியும் நிலையில் உள்ள உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் ஒப்பந்தத்தின் முதல் பட்டியலில் இருக்கிறது. உரிய சான்றிதழ் இல்லாமல் எல்லை தாண்டி விற்க முடியாது. மற்ற ரோஸ்வுட்டில் செய்த முழுமையான இசைக்கருவிகளுக்கு 2019 நவம்பரில் விலக்கு வந்தது. நட்டும் சேடிலும் தந்தமா எலும்பா என்பதையும் பார்க்க வேண்டும், தந்தத்துக்குக் கட்டுப்பாடு இன்னும் கடுமை.

எதைச் சரிசெய்வது, எதை அப்படியே விடுவது

விட்ட பிரேஸ், தூக்கிய பிரிட்ஜ், அசையும் விரிசல் ஆகிய மூன்றையும் விற்கும் முன் சரிசெய்யுங்கள், விட்டால் பெருகும். நெக் ரீசெட்டும் ஃப்ரெட் மாற்றமும் உயர்ந்த ரகத்தில் செலவுக்கு மேல் திருப்பித் தரும். மலிவு ரகத்தில் கூலியே கிட்டாரின் விலையைத் தாண்டும். அப்போது பிரிட்ஜைச் சீவிக் குறுக்கு வழி தேடாமல், "ரீசெட் தேவை" என்று எழுதி அதற்கேற்ற விலை சொல்லுங்கள்.

விளம்பரத்தில் அளவுகளை எழுதுங்கள்: 12ஆம் ஃப்ரெட்டில் இரண்டு கம்பியின் உயரம், சேடில் தெரியும் உயரம், பிரிட்ஜ் கனம், நெக் வளைவு, ஃப்ரெட் உயரம், ஒவ்வொரு விரிசலின் நீளம், மாற்றிய பாகங்கள், ஒட்டிய பசை. ஸ்கேல் பிரிட்ஜைச் சந்திக்கும் இடம், பிரிட்ஜ் பிளேட், நெக் பிளாக், ஹெட்ஸ்டாக்கின் பின்புறம் ஆகிய நான்கின் படமும் கட்டாயம்.

அனுப்பும்போது கம்பிகளை இரண்டு சுரம் தளர்த்தி, ஃப்ரெட்போர்டுக்கும் கம்பிக்கும் நடுவில் மெல்லிய அட்டை வைக்கவும். பெட்டிக்குள் நெக்கின் அடியில் தாங்கல் வேண்டும். ஹெட்ஸ்டாக் எதிலும் இடிக்காமல் இருக்க அதைச் சுற்றிலும் கசக்கிய தாளை இறுக்கமாகத் திணிக்கவும். பெட்டியைக் குலுக்கிப் பார்த்து, உள்ளே எதுவும் நகரவில்லை என்றால் மூடலாம்.